பையில் வந்த வகுப்பு

அந்த ஹாஸ்டலில் அவனுக்கு நிருபர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. பரீட்சை எழுதும்போதும் அபராதம் கட்டும்போதும் மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் நிருபர்தான். காரணம், ‘இன்றைய நிலவரம்’ என்று தலைப்புப் போட்டு அவன் தினமும் ஹாஸ்டல் குரூப்பில் அனுப்பும் குறிப்புகள். அதைப் படிக்காமல் அங்கே ஒருத்தனும் பல் தேய்ப்பதில்லை. படித்த பிறகும் சிலர் தேய்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

‘இன்றைய நிலவரம்: நூலகத்தில் மொத்தம் நான்கு பிளக் பாயிண்ட். மூன்று வேலை செய்யாது. வேலை செய்யும் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் படித்து முடித்து, வேலைக்கும் போய், கல்யாணமும் செய்துகொண்டார். அவருடைய சார்ஜர் மட்டும் இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருக்கிறது.’

‘இன்றைய நிலவரம்: மூன்றாம் மாடியில் வைஃபை கிடைக்கிறது. ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி, இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். வார்டன் பார்த்தால் உடற்பயிற்சி என்று சொல்லிவிடலாம்.’

படிக்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எழுதுகிறவன்தான் குட்டி போட்ட பூனை மாதிரி எந்நேரமும் அலைந்துகொண்டிருந்தான். ஒரு இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்த இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டுமே! அவனுடைய போன் அப்படி. அக்கா மூன்று வருஷம் அடித்துத் துவைத்துவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு, நீ பாத்து வெச்சுக்கோ” என்று தம்பி தலையில் கட்டிய போன். பாதி சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். சரி, இருக்கிறதே என்று நம்பி நாலு வரி டைப் அடித்தால் அப்படியே கண்ணை மூடிவிடும். எத்தனை நல்ல ஜோக்குகளை அது பாதியில் விழுங்கியிருக்கும் என்று யார் கண்டது?

ஜோக் போனால் போகட்டும். வருகைப் பதிவும் அல்லவா கூடவே போயிற்று! அந்தக் கல்லூரியில் பேர் கூப்பிட்டு ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் வழக்கமெல்லாம் ஒழிந்துவிட்டது. அதற்கென்று ஒரு ஆப். வகுப்பு முடியும் நேரத்தில் ஆசிரியர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த அறைக்குள் எந்தெந்த மாணவரின் போன் இருக்கிறதோ அவர்களெல்லாம் வந்ததாகத் தானே பதிவாகிவிடும். போன் வந்ததா என்றுதான் ஆப் பார்க்கும். ஆள் வந்தானா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. இந்தச் சூட்சுமம் பையன்களுக்குப் புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. போன் மட்டும் போனால் போதும் என்றால் நாம் எதற்குப் போவது என்று கட்டிலில் படுத்துவிட்டார்கள். எப்படியும் வகுப்புக்குப் போகிற ஒருத்தன் தலையில் எல்லாப் போனையும் கட்டிவிடுவது என்று ஏற்பாடு. அந்த ஒருத்தன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

“நிருபரே, நீதான்டா நம்ம மாடிக்கே தூணு” என்று சொல்லிச் சொல்லியே ஏற்றிவிட்டார்கள். அவனும் உச்சி குளிர்ந்து, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கதவு கதவாகப் போய்ப் போன்களை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தான். கட்டிலில் கிடந்தவன் எல்லாம் வந்ததாகப் பதிவானது. ஒருநாள் விடாமல் போனவனுடைய போன் மட்டும் பாதி நாள் வகுப்பு முடிவதற்குள் செத்துப்போய், அவனை வராதவன் ஆக்கியது. ஆபீசில் போய்ச் சொல்லிப் பார்த்தான். “போனை உயிரோட கொண்டுவர்றது ஸ்டூடண்டோட பொறுப்பு” என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் ஒரு பாடத்தில் இப்படித்தான் வருகை போதாமல் பரீட்சை எழுத விடவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “இன்னொரு தடவை இந்தச் சேதி வந்துச்சுன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பட்டறைக்கு வந்துடு. இங்க வருகை போட நானே இருக்கேன்.” அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை என்பது நிருபருக்குத் தெரியும்.

இந்த வருஷம் ‘தொழில்நுட்பமும் சமூகமும்’ என்று ஒரு பாடம். இருபது பேர் எடுத்திருந்தார்கள். அதில் அவன் இன்னும் ஒரு வகுப்புக்கு வராமல் போனால் பரீட்சை இல்லை என்று ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவில்லை. நிலவரமும் எழுதவில்லை. எதற்கு வம்பு, ஒரு வரி எழுதினாலும் சார்ஜ் குறையும் என்று கையைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே உலாத்தினான். மத்தியான வகுப்புக்கு நேரம் ஆனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எட்டுக் கதவுகளைத் தட்டி எட்டுப் போன். திரும்பி வந்து, தன் அறைத்தோழன் தூங்குமூஞ்சியின் தலையணைக்கு அடியிலிருந்து ஒன்று. ஆக ஒன்பது. எண்ணிப் பார்த்தான். ஒன்பது இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினான். அப்போதும் ஒன்பது. அப்பாடா என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு நடந்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது.

வகுப்பில் வழக்கம்போல இரண்டே பேர். இந்தப் பக்கம் நிருபர், மடியில் பையோடு. அந்தப் பக்கம் பெண்கள் ஹாஸ்டலின் பையைச் சுமந்துவரும் பாட்டுக்காரி. எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதால் அந்தப் பெயர். எதிரே மேடம். மேடம் என்றால் பெரிய வயதில்லை, அவனுடைய அக்கா வயதுதான் இருக்கும். வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்டில் வேலை. இங்கே ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, அடுத்த கல்லூரிக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவர்.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சார்ஜ் எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று நிருபர் பாக்கெட்டில் கையை விட்டான். வெறும் பாக்கெட். இன்னொரு பாக்கெட்டிலும் கையை விட்டான். அதிலும் இல்லை. பையைத் திறந்து கிளறினான். ஒன்பது போனும் ஊரான் போன். அவனுடையது ஹாஸ்டல் அறையில், சார்ஜரில், முழு வயிறோடு சுகமாகக் கிடந்தது. அட கிறுக்கா, ஊருக்கெல்லாம் எண்ணினாயே, உன்னை எண்ணினாயா!

“மேடம், ஒரு அவசரம்” என்று எழுந்தான். மேடம் தலையாட்டினார். பையையும் தூக்கிக்கொண்டே ஓடினான். மைதானத்தைக் குறுக்கே கடந்து, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மாடிப்படி ஏறி, நாக்குத் தள்ள அறை வாசலில் போய் நின்றபோதுதான் சாவி ஞாபகம் வந்தது. சாவியும் உள்ளே, ஆணியில்.

“டேய்! கதவைத் தொறடா!”

உள்ளே குறட்டை ஒரே சீராகக் கேட்டது. தட்டினான், உதைத்தான், செல்லமாகக் கூப்பிட்டான், அப்பன் பெயரைச் சொல்லித் திட்டினான். ஊஹூம். எதிர் அறை வாசலில் போய் நின்று கத்தினான். அந்த அறைக்காரன் காதில் என்ன பஞ்சோ! மாடி முழுக்க அவனை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு யோசனை வந்தது. தடதடவென்று கீழே இறங்கி வாட்ச்மேனிடம் கெஞ்சினான். “அண்ணே, ஒரே ஒரு கால் பண்ணிக்கிறேன், போனைக் குடுங்கண்ணே.” வாட்ச்மேன் கொடுத்தார். தூங்குமூஞ்சியின் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடித்தது. “எடுடா, எடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று குதித்தான். எங்கேயோ பக்கத்தில் ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சே, இந்த நேரத்தில் யாருடையது என்று எரிச்சலோடு சுற்றுமுற்றும் பார்த்தான்.

“தம்பி, உன் பைதான் அடிக்குது” என்றார் வாட்ச்மேன்.

நிருபர் போனைத் திருப்பிக் கொடுத்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டு நிற்க நேரம் இல்லை. வகுப்பு முடிவதற்குள் பை அங்கே போய்ச் சேராவிட்டால் ஒன்பது பேருக்கும் வருகை போகும். தனக்குத்தான் தலையெழுத்து, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று திரும்பவும் மைதானத்தைக் கடந்து ஓடினான்.

வந்து பெஞ்சில் விழுந்தவனுக்கு மூச்சு வாங்கியது. கைக்கு வேலை இல்லை. டைப் அடிக்கப் போன் இல்லை. விரல்கள் சும்மா மேஜையைத் தட்டின. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் மேடத்தைப் பார்த்தான். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதன்முதலில் வீடுகளுக்குத் தொலைபேசி வந்தபோது, எடுத்ததும் என்ன சொல்வது என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லையாம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தவன் தன்னை அறியாமல் வாயைத் திறந்தான்.

“அப்ப வைக்கிறதுக்கு என்ன சொல்லணும்னு முடிவு பண்ணாங்க மேடம்?”

மேடம் அப்படியே நின்றுவிட்டார். கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுபோல அறையைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“அதை யாருமே முடிவு பண்ணலை. அதனாலதான் எங்கம்மா இன்னிவரைக்கும் வெச்சபாடில்லை. ‘சரி, அப்பறம்’னு பத்து தடவை சொல்வாங்க. ஒவ்வொரு அப்பறத்துக்கும் ஒரு கதை வரும்.”

நிருபர் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டுக்காரிகூட ஒரு காதை விடுவித்துக்கொண்டு என்ன என்று எட்டிப் பார்த்தாள். அவன் இன்னொன்று கேட்டான், அவர் பதில் சொன்னார். மணி அடித்த பிறகுதான் மேடத்துக்கு நினைவு வந்தது. அவசர அவசரமாகப் போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். இரண்டு பைகளும் உள்ளுக்குள் ஒருமுறை உறுமி அடங்கின.

நிருபர் எழுந்து போய் மேஜை முன்னால் நின்றான்.

“மேடம், என் போன் ரூம்ல மாட்டிக்கிச்சு. இந்த ஒண்ணு போச்சுன்னா என்னை எழுத விட மாட்டாங்க. அப்பா படிப்பையே நிறுத்திடுவாரு. நான் இங்கதான் இருந்தேன், உங்க கண்ணு முன்னாடி.”

“ஆப்புல நீ இல்லையேப்பா” என்றார் மேடம், திரையைக் காட்டி. “உன்னைத் தவிர எல்லாரும் இருக்காங்க.” காலி பெஞ்சுகளைக் கையால் காட்டினார். “ஹவுஸ்ஃபுல்.”

நிருபர் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

“மறைக்காதே. எனக்குத் தெரியாதா? உன் நிலவரமெல்லாமும் தெரியும். என் தங்கச்சி இங்கதான் முதல் வருஷம். வந்ததும் எனக்கு அனுப்பிடுவா. பிளக் பாயிண்ட் ஜோக்குக்கு பஸ்ல தனியா சிரிச்சேன்.” காட்டிய போனை மேஜையில் வைத்தார். “என்னைப் பத்தி எழுதினதையும் அனுப்பினா. ‘நம்ம மேடம் பாடம் நடத்துறது நமக்கில்லை, ஜன்னலுக்கு. ஜன்னலும் பாவம், எழுந்து போக முடியாம உக்காந்திருக்கு.’”

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது அவனுக்கு.

“ஜன்னலைப் பாக்காம வேற யாரைப் பாக்கறது? அவ காதுல மாட்டியிருப்பா. நீ குனிஞ்ச தலை நிமிர மாட்டே. டைப் அடிச்சுக்கிட்டே இருப்பே. நான் என்னடான்னா, நீ நோட்ஸ் எடுக்கறேன்னு நெனச்சுக்கிட்டு மெதுவா மெதுவாச் சொல்லிட்டிருந்தேன். நீ எழுதி முடிக்கட்டும்னு.”

“மேடம், அது வந்து...” என்று தொடங்கியவனுக்கு மேலே வார்த்தை வரவில்லை. தினம் பத்து வார்த்தைக்கு ஒரு ஜோக் எழுதுகிறவன்! வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. இவ்வளவு கேவலமாக அவன் தன்னை என்றைக்கும் நினைத்ததில்லை.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “திருத்தம் போட என்னால முடியும். ஆனா போட்டா அதோட நிக்காது. ஆப்புல இல்லாத ஆளு வகுப்புல எப்படி இருந்தான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. நாளைக்குக் காலையில முதல் வகுப்பு நம்மளதுதான். நேர்ல வந்து தலை எண்ணுவாங்க. தலையும் ஆப்பும் ஒத்துப் போனாத்தான் உன் திருத்தத்தை ஏத்துக்குவாங்க. ஒத்துப் போகலைன்னா உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்த வருகைக் கணக்கைப் பாத்துத்தான் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. அதனாலதான் நானும் இத்தனை நாளா காலி பெஞ்சுக்குப் பாடம் நடத்திட்டு வாயை மூடிட்டுப் போனேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு?”

“அப்ப வேண்டாம் மேடம்” என்றான் நிருபர். சொல்லும்போதே பட்டறையின் இரும்பு வாசனை மூக்கில் ஏறியது.

மேடம் போனைக் கையில் எடுத்தார். “இந்த ரூம்ல இந்த வருஷம் ஒரு ஆளு என்னைக் கேட்ட முதல் கேள்வி இன்னிக்குக் கேட்டதுதான். கேட்டவனையே வரலைன்னு எப்படிப்பா போடறது?” என்றவர், அவன் தடுப்பதற்குள் திருத்தத்தை அனுப்பிவிட்டார். “போ. போய் உன் ஆளுங்களை எழுப்பு.”

பாட்டுக்காரி வாசலில் காத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “எங்க பக்கத்தை நான் பாத்துக்கறேன். சொன்னா வந்துடுவாங்க. உன் கும்பகர்ணன்களை நீ எப்படிக் கொண்டாரப் போறேன்னுதான் தெரியலை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் அறைக்கு வந்தபோது தூங்குமூஞ்சி எழுந்து கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான். “போட்டாச்சா?” என்று கையை நீட்டித் தன் போனை வாங்கிக்கொண்டான். நிருபர் அவனிடம் சண்டைகூடப் போடவில்லை. தன் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக் குரூப்பில் எழுதினான்:

‘நாளைக் காலை முதல் வகுப்பு. ஆபீசிலிருந்து தலை எண்ண வருகிறார்கள். எல்லாரும் நேரில் வர வேண்டும். போன் மட்டும் வந்தால் போதாது. வராவிட்டால் மேடத்துக்கு வேலை போகும், எனக்குப் படிப்புப் போகும். இது ஜோக் இல்லை.’

அனுப்பிய வேகத்தில் பதில்கள் வந்து குவிந்தன. கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் பொம்மைகள். ஒன்று, இரண்டு, பத்து, ஒரு பக்கம் முழுக்க.

‘இது ஜோக் இல்லையாம்! செத்தேன் நிருபரே!’

‘தலை எண்ண வர்றாங்களாம், எனக்கு அது இல்லைன்னு எங்கம்மா தினமும் சொல்றாங்க.’

‘காலையில எழுந்து நேர்ல போறதாம். இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் டாப்பு.’

‘சத்தியமாச் சொல்றேன்’ என்று எழுதினான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அக்காமேல் ஆணை என்று எழுதினான். அதை யாரோ பெண்கள் குரூப்பு வரைக்கும் அனுப்பி வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தூங்குமூஞ்சி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். “எப்படிடா முகத்தை இவ்வளவு சீரியசா வெச்சுக்கிட்டே எழுதறே?” என்றான். ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று நம்பரை அழுத்தும்போது போன் கண்ணை மூடியது.

காலையில் அவன் பையை எடுக்கவில்லை. முதலில் தூங்குமூஞ்சியின் போர்வையைப் பிடித்து இழுத்தான். போர்வைக்குள்ளிருந்து முகம் வரவில்லை. கைதான் வந்தது, அதில் போன். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அப்படியே தலையில் கவிழ்த்தான். ஐயோ அம்மா என்று அலறி எழுந்தவனை நிற்கவைத்து, சட்டையை மாட்டிவிட்டு, வராந்தாவுக்குத் தள்ளினான். பிறகு எதிர்க் கதவைத் தட்டினான்.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. கையில் போன்.

“முழு சார்ஜ் இருக்கு, எடுத்துக்கோ” என்றது தூக்கக் குரல்.

“நீ வாடா.”

“நேத்தே சிரிச்சாச்சு, விடுடா.”

நிருபர் போனைத் தொடவில்லை. மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கதவு நிலையில் ஒரு காலை ஊன்றிப் பலம் கொண்டமட்டும் இழுத்தான்.

“டேய், டேய்! போனை விட்டுட்டு என்னை எதுக்குடா இழுக்கறே?”

அவன் விடவில்லை. இன்னும் ஏழு கதவுகள் பாக்கி இருந்தன.